ஐந்தாம் கூடாரத்தில் இரண்டு பேர்

கடலைப் போய்ச் சேர வேண்டும் என்கிற எண்ணமே இல்லாமல், பாதி வழியில் மணலில் கைகாலைப் பரப்பிப் படுத்துவிடுகிற ஓர் ஆறு போட்ஸ்வானா நாட்டில் இருக்கிறது. ஒகவாங்கோ என்று பெயர். அதன் கரையில், ஐந்தே ஐந்து கூடாரங்கள் உள்ள ஒரு காட்டு முகாமில், யானைகளே நிழலுக்கு முண்டியடித்துக்கொண்டிருந்த ஓர் அக்டோபர் நண்பகலில், பாளையங்கோட்டை மங்கையர்க்கரசி தனியாக வந்து இறங்கினாள். முகாம் அவளை இரண்டு பேராக வரவேற்றது.

அந்த முகாமில் வேலை பார்க்கிற பதினொரு பேருக்கும் வேதம் என்று ஒன்று உண்டென்றால், அது நகரத்து அலுவலகம் அனுப்புகிற தாள்தான். யார் வருகிறார்கள், எத்தனை இரவு தங்குவார்கள், முட்டை அவித்ததா பொரித்ததா, தலையணை ஒன்றா இரண்டா, ஆள் எத்தனை கிலோ, எல்லாம் அதில் இருக்கும். கிலோ எதற்கென்றால், வருவதும் போவதும் சின்னஞ்சிறு விமானத்தில். எடை தெரியாமல் ஏற்றினால் அது மரத்தின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். தாளில் பெயர் இருந்தால் விருந்தாளி, அலுவலகம் அடித்துத் திருத்துகிறவரை விருந்தாளி, அவ்வளவுதான் விதி. ஒருமுறை தாளில் பெயரில்லாமல் வந்துவிட்ட ஒரு பெரிய மனிதரை, மறுதாள் வருகிறவரை மூன்று மணி நேரம் மரத்தடியில் பழச்சாறு கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மங்கையின் தாளில் இரண்டு பெயர்கள் இருந்தன. அதனால் பதினொரு பேரும் வரிசையில் நின்று கைதட்டிப் பாடி முடித்த பிறகு, முகாமின் பொறுப்பாளரான கெலெபோகிலே என்கிற ஐம்பது வயதுப் பெண்மணி, இரண்டு ஈரத் துண்டும் இரண்டு கிளாஸ் பழச்சாறும் வைத்த தட்டை நீட்டினாள்.

"நான் ஒரு ஆள்தான் வந்திருக்கேன்," என்றாள் மங்கை, மின்வாரிய அலுவலகத்தில் முப்பது வருடம் பழகிய ஆங்கிலத்தில்.

கெலெபோகிலே தாளைப் பார்த்தாள். "ரெண்டு பேர், ம்மா," என்றாள். அந்த நாட்டில் பெண்களை ம்மா என்றும் ஆண்களை ர்ரா என்றும் மரியாதையாக அழைப்பார்கள்.

"என் வீட்டுக்காரர் ஜனவரியில இறந்துட்டார்."

"ரொம்ப வருத்தமா இருக்கு, ம்மா," என்று கெலெபோகிலே நெஞ்சில் கைவைத்து உண்மையாகவே வருத்தப்பட்டாள். தட்டை மட்டும் இறக்கவில்லை. மங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது இரண்டாவது துண்டும் தூசி படிந்து கசங்கிக் கிடந்தது, இரண்டாவது கிளாஸும் காலியாகியிருந்தது.

"சார் ஆத்தைப் பாக்கப் போறார்," என்றாள் கெலெபோகிலே, மங்கையின் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்து. "முதலை இருக்கு, ரொம்பக் கிட்டப் போகாதீங்க, ர்ரா!"

மங்கை திரும்பிப் பார்த்தாள். வெயில்தான் இருந்தது.

அந்தத் தாளை நிரப்பியவர் நெல்லையப்பனேதான். மூன்று வருடத்துக்கு முன்னால், பஸ் டெப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், ஜோகன்னஸ்பர்க்கில் வேலையிலிருக்கும் மகளிடம் ஃபோனில் ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைத்தார். முட்டை அவித்தது, தலையணை இரண்டு, எடை எழுபத்தொரு கிலோ. "கோயில் யானை பாவம், காலம்பூரா சங்கிலியோட நிக்கி. சங்கிலி இல்லாத யானையை ஒருக்கப் பாத்துரணும் மங்கை," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் கால் வீங்கியது. சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். பயணத்தை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். மூன்றாம் முறை தள்ளிவைக்க முகாமின் விதியில் இடமில்லை, அவருக்கும் நேரமில்லை. ஒரு ஆள்தான் வருகிறார் என்று மகள் எழுதிய கடிதம் அலுவலகத்தில் எந்த மேசைக்கடியில் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் மேசையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சமையல்காரர் பிலெமோன் அந்த இடத்தில் வைத்த தட்டு, அவள் உப்பு எடுக்கத் திரும்பி மீள்வதற்குள் காலியாகியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த இரண்டாம் கூடாரத்து ஜெர்மன்காரர் அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார், தலையாட்டினார், "அப்படியா, உங்க ஊர்லயும் அப்படித்தானா?" என்றார். மங்கைக்கு ஆத்திரம் வந்தது. செத்தவனை வைத்து வேடிக்கை காட்டுகிறார்கள், இதுவும் இவர்கள் டூரிஸ்ட் நிகழ்ச்சியில் ஒன்று போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாதி சாப்பாட்டில் எழுந்து தன் ஐந்தாம் கூடாரத்துக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஜீப்பில் வழிகாட்டி லெசெகோ தலை எண்ணினான். "மொத்தம் நாலு," என்றான். ஏறியவர்கள் ஜெர்மன் தம்பதியும் மங்கையும்தான். மோபானே மரங்களுக்கு நடுவே இருபது யானைகள் நின்றன, ஜீப் நின்றது, லெசெகோ எஞ்சினை அணைத்தான். மங்கைக்குப் பக்கத்து இருக்கையின் மெத்தை மட்டும் ஒருமுறை முனகியது.

திரும்பி வந்து இறங்கும்போது லெசெகோ அவளிடம் வந்து தொப்பியைக் கழற்றினான். "ம்மா, இந்த வேலையில பதினாலு வருஷமா இருக்கேன். எல்லாரும் யானையோட முகத்தைப் பாப்பாங்க, தந்தத்தைப் பாப்பாங்க. சார் மட்டும்தான் காலையே பாத்துட்டிருந்தார். அப்புறம் என் தோளைத் தட்டி, 'சங்கிலி இல்ல, தம்பி'ன்னு சொன்னார். அழுதுட்டார். தம்பின்னா என்ன அர்த்தம், ம்மா?"

"கூடப் பிறந்தவன், சின்னவன்," என்று மங்கை மெதுவாகச் சொன்னாள். லெசெகோவுக்கு அந்த அர்த்தம் ரொம்பப் பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. பிலெமோன் அவளைச் சமையல் கூடாரத்துக்குக் கூட்டிப்போய், அரிசி டப்பாவுக்கு மேலே குத்தி வைத்திருந்த ஒரு காகிதத்தைக் காட்டினார். பழைய உணவுப் பட்டியலின் பின்பக்கம், சாய்ந்த எழுத்தில், தமிழில் எழுதியிருந்தது: யானை, 4.10, தாமதம் 12 நிமிடம். நீர்யானை, 4.30, சரியான நேரம். குரங்குகள், வரவில்லை, விளக்கம் கேட்க வேண்டும். முப்பத்தோரு வருடம் பார்த்த கையெழுத்து. நேற்று வந்த முதல் நாள் சாயங்காலமே டூட்டியை ஆரம்பித்துவிட்டார் மனுஷன்.

"என்ன எழுதியிருக்கார்னு சொல்லுங்க, ம்மா. சமையல்ல குறையா?" என்று பிலெமோன் கவலையோடு கேட்டார்.

எப்படி இருக்கிறார் என்று அவள் எல்லோரிடமும் கேட்டாள், கூச்சமில்லாமல் கேட்டாள், துணி துவைக்கிறவளிடம்கூடக் கேட்டாள். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். பெரிய மீசை. பெரிய சிரிப்பு. எங்கே உட்கார்ந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, போகும்போது மறந்துவிடுவார். ஜெர்மன்காரி தன் கணவரின் தொப்பியை அவருக்குக் கொடுத்திருந்தாள், அது அவருக்கு எடுப்பாக இருந்ததாம். ஊர் உலகமெல்லாம் பார்க்கிறது, ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் தோளில் கைபோட்டுப் பேசுகிறார்கள், கட்டிய பெண்டாட்டி கண்ணுக்கு மட்டும் ஒரு நிழல்கூட இல்லை. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

"தண்ணி குடிக்கிறாரா?" என்று கெலெபோகிலேவிடம் கேட்டாள்.

"தண்ணியா!" என்று கெலெபோகிலே இரண்டு கையையும் தூக்கினாள். "உங்க கூடாரத்துல வைக்கிற ஜாடி ஒரு நாளைக்கு மூணு தடவை காலியாகுது, ம்மா. அதுவும் போதாம சமையல் கூடாரத்துக்கு வந்து, பம்பை அடிக்கச் சொல்லி, ரெண்டு கையாலயும் ஏந்திக் குடிக்கிறார். சட்டையெல்லாம் நனையுது. அப்படி ஒரு தாகத்தை நான் யானைகிட்டதான் பாத்திருக்கேன்."

மங்கை அங்கேயே, மணலிலேயே, உட்கார்ந்து அழுதாள். கெலெபோகிலேவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை அடங்க அடங்க, மங்கை யாரிடமும், பெற்ற மகளிடமும்கூடச் சொல்லாததைச் சொன்னாள்.

நாளுக்கு எழுநூறு மில்லி. அதுதான் டாக்டர் கொடுத்த அளவு, காபியும் ரசமும் அதற்குள் அடக்கம். கூடக் குடித்தால் தண்ணீர் வெளியேறாது, நெஞ்சில் போய் நிற்கும். மங்கை படுக்கையறை வாசலில் எடை மெஷினை வைத்தாள். தினமும் காலையில் அவரை அதில் ஏற்றுவாள். குனிந்து ஊசியைப் பார்க்க அவரால் முடியாது, அவள்தான் குனிவாள். ஊசி ஏறியிருந்தால் "தண்ணி குடிச்சியளா?" என்பாள். "இல்லட்டி," என்பார். பொய் சொல்கிற ஆள் இல்லை, தண்ணீருக்காகப் பொய் சொல்லப் பழகினார். குழாயடியில் பிடித்தாள், பூஜை அறையில் தீர்த்தச் செம்பும் கையுமாகப் பிடித்தாள், குளிக்கும்போது வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாரோ என்று குளியலறை வாசலில் காவல் நின்றாள். அவர் பிழைக்க வேண்டும் என்றுதான் நின்றாள். எழுபத்தொன்று அறுபதாகி, அறுபது ஐம்பதாகி, நாற்பத்தெட்டு ஆனது. கடைசி நாள் காலை ஏழு மணிக்கு, "ஏ மங்கை, அரை டம்ளர் தாயேன்," என்று கேட்டார். "நேத்தே நூறு மில்லி கூடப் போயிருக்கு. எட்டு மணிக்குத் தாரேன்," என்றாள். ஏழு பத்துக்குப் போய்விட்டார்.

"எட்டு மணிக்குத் தாரேன்னு சொன்னேன்," என்று மங்கை மறுபடியும் சொன்னாள். "போறதுக்குள்ள என் கையால ஒரு டம்ளர் குடுத்துரணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

அடுத்த ஒன்றரை நாள் முகாமுக்கு வேறு வேலை இல்லாமல் போனது. பதினொரு பேரும், ஜெர்மன் தம்பதியும், அன்று புதிதாக வந்து இறங்கிய மூன்று கனடாக்காரர்களும் இதற்காகவே வந்தவர்கள் மாதிரி இறங்கினார்கள். சார் பத்து மணிக்குச் சமையல் கூடாரத்துக்கு வருவார் என்று பிலெமோன் சொல்ல, மங்கை ஒன்பதரைக்கே ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். "இப்பதான் போனார், ம்மா, வழியிலயே உங்களைத் தாண்டித்தானே போனார்?" என்றார் பிலெமோன். ஆற்றங்கரை நாற்காலியில் இருக்கிறார் என்று ஜெர்மன்காரி ஓடிவந்து சொல்ல, மங்கை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் முகம் பார்க்காமல் சாரி சொல்லி ஒதுங்கி, தளும்பத் தளும்ப ஓடினாள். நாற்காலிக்கடியில் ஒரு ஜோடி செருப்பு அடையாளம் மணலில் பதிந்திருந்தது. கூடாரத்துக் கட்டிலருகே டம்ளரை வைத்துவிட்டுக் கண்கொட்டாமல் உட்கார்ந்து பார்த்தாள். அவள் பார்க்கிறவரை ஒரு சொட்டும் குறையவில்லை, கொட்டாவி விட்டுக் கண்ணை மூடித் திறந்தால் காலி. காலியானது சந்தோஷம்தான். ஆனால் அது அவள் கொடுத்தது ஆகாதே.

கோபமாக இருக்கிறாரா என்று கேட்டு வரச் சொல்லி லெசெகோவைத் தூது அனுப்பினாள். லெசெகோ தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

"கோபம் இல்லையாம், ம்மா. ஆனா அவருக்கும் புரியலையாம். நீங்க ரெண்டு தடவை நேருக்கு நேரா வந்தீங்களாம். அவர் கையை நீட்டினாராம். நீங்க 'சாரி'ன்னு ஒதுங்கி வழி விட்டுட்டு, அவருக்குப் பின்னால யாரையோ தேடிக்கிட்டுப் போயிட்டீங்களாம்."

"நான் யாரைத் தேடினேன்? அவுகளைத்தான் தேடினேன்!" என்று மங்கை தமிழிலேயே கத்தினாள். லெசெகோவுக்கு அர்த்தம் புரிந்தது.

மூன்றாம் இரவும் முடிந்து, புறப்படுகிற காலை வந்தது. பதினொரு பேரும் வரிசையில் நின்று, இரண்டு பெயரையும் சொல்லி வழியனுப்பும் பாட்டைப் பாடினார்கள். அவர் பெயர் அவர்கள் வாயில் நெலாப்பா என்று வந்தது. மங்கை அழாமல் கேட்டாள். அழுது முடித்தாயிற்று, கேட்டது கிடைக்கவில்லை, இனி ஊருக்குப் போய் ஒற்றைக் கட்டிலில் படுக்க வேண்டியதுதான் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். டம்ளரைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

விமானம் இறங்குகிற இடம் என்பது புல் செதுக்கிய ஒரு நீண்ட மணல் திட்டு. மூக்குத் தோல் உரிந்த ஓர் இளம்பெண்தான் விமானி. அக்டோபர் வெயிலில் காற்று இளைத்துப்போய் விமானத்தைத் தூக்கச் சிரமப்படும் என்பதால் ஒவ்வொரு ஆளையும் எடை பார்த்தே ஏற்றுவது அவள் வழக்கம். மணலில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் எடை மெஷினை வைத்தாள். வட்டக் கண்ணாடியும் சிவப்பு ஊசியுமாகப் பாளையங்கோட்டை வீட்டில் இருந்த அதே ஜாதி மெஷின்.

மங்கை ஏறினாள். ஐம்பத்தெட்டு. இறங்கினாள்.

"அடுத்து சார்," என்றாள் விமானி, தாளைப் பார்த்தபடி.

கெலெபோகிலேவும் லெசெகோவும் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்கள். மெஷின் ஒருமுறை கிரீச்சிட்டது. பழக்கம் விடவில்லை, மங்கை குனிந்தாள்.

ஊசி நகர்ந்தது. இருபது, முப்பது, நாற்பது. நாற்பத்தெட்டில் நிற்கும் என்று அவள் கண் அங்கேயே போய்க் காத்திருந்தது. ஊசி அதைத் தாண்டிப் போனது. ஐம்பத்தைந்து, அறுபது. ஊசி ஏறினால் பதறியே பழகிய நெஞ்சு இப்போதும் பதறியது. அறுபத்தெட்டு, எழுபது. எழுபத்து மூன்றில் போய் நின்று லேசாக ஆடியது.

"தாள்ல எழுபத்தொண்ணுன்னு இருக்கே," என்று விமானி முகம் சுளித்தாள். "ரெண்டு கிலோ கூட இருக்கார்."

"மூணு நாளா எங்க தண்ணியைக் குடிச்சிருக்கார்," என்றாள் கெலெபோகிலே, பெருமையாக.

குனிந்தபடியே மங்கைக்கு விளங்கிவிட்டது. மூன்று நாளாக அவள் தேடியது நாற்பத்தெட்டு கிலோவை. சுவரைப் பிடித்து நடக்கிறவரை, இருமுகிறவரை, உதடு காய்ந்து படுத்துக் கிடக்கிறவரை அவள் கூடாரம் கூடாரமாகத் தேடியிருக்கிறாள். எழுபத்தொரு கிலோ ஆள் வேறு யாரோ ஒருவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையை வீசிக்கொண்டு எதிரே வந்திருக்கிறார், இவள் சாரி சொல்லி வழி விட்டிருக்கிறாள். அடப் பாவமே!

அவள் நிமிர்ந்து, ஒரு வாட்டசாட்டமான ஆளின் முகம் இருக்கக்கூடிய உயரத்தைப் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சியளா?" என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து குரல் உடைந்தது. "நல்லா குடிச்சிருக்கிய போலயே."

கைப்பையைத் திறந்து டம்ளரை எடுத்தாள். பாட்டிலில் இருந்த தண்ணீரை விளிம்பு தொட ஊற்றினாள். மணி எட்டாகப் பத்து நிமிடம் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"எட்டு மணி ஆகல்ல. ஆகாட்டா போகுது. இந்தாங்க," என்று இரண்டு கையாலும் நீட்டினாள்.

டம்ளர் அவள் கையிலேயே இருந்தது. கனம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் இறங்கி, அடியில் வெயில் பளிச்சென்று தெரிந்தது. கீழே சிவப்பு ஊசி ஒரு மயிரிழை ஏறி நின்றது. விமானி பேனாவை எடுத்து, தாளில் எழுபத்தொன்றை அடித்துவிட்டுப் புதுக் கணக்கை எழுதினாள்.

"போதும், ம்மா, விமானம் எழும்பாது," என்றாள்.

மங்கை அடுத்த டம்ளரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.